குழந்தைத் தோட்டம் கண்ட பிரோபல்

ஜெர்மனி நாட்டில் துரிஞ்சியா என்பது காடு அடர்ந்த மலைப்பகுதி. அங்கே ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிரீட்ரிக் பிரோபல் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாய் இருந்தபோதே அவர் தாயை இழந்தார். பாதிரியாரான தந்தையாருக்குத் திருச்சபைப் பணிகளுக்கே பொழுது போதவில்லை. சிற்றன்னையின் அன்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. கொஞ்சிப் பேசுவார் இன்றி வளர்ந்த அப்பிள்ளை, மரங்களையும் செடிகளையும் துணையாகக் கொண்டது. தாயும் சேயும் ஆடும் ஆட்டங்களை வகுப்பதில் பின்னாளில் அவர் அத்துணை ஆர்வம் காட்டியதற்கு இவ்விளமைத் துயரமே காரணம் என்று கருத இடமுண்டு.

காட்டிலாகாப் பயிற்சி, ஜேனா பல்கலைக்கழகப் படிப்பு என்று பலவற்றில் ஈடுபட்ட அவர், கட்டடக்கலை பயிலும் எண்ணத்துடன் 1805இல் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றார். அங்கு எதிர்பாராத வகையில் ஆசிரியரானார். பின்னர்ச் சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசி என்னும் கல்வியறிஞரிடம் 2 ஆண்டுகள் தங்கினார். பெர்லினில் படிகக் கற்களை ஆராய்ந்ததும் வீண்போகவில்லை. எளிய வடிவங்களிலிருந்தே பல்வகை வடிவங்கள் தோன்றுகின்றன என்னும் உண்மையை அக்கற்கள் அவருக்குக் கற்பித்தன.

1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் அவர் விளையாட்டுக் கருவிகளைச் செய்யத் தொடங்கினார். அவற்றுக்குக் 'கொடைகள்' என்று பெயரிட்டார். முதற்கொடை, கம்பளி நூலால் ஆன ஆறு நிறப் பந்துகள். பந்தை ஏன் முதலில் வைத்தார்? அது சிறு கைக்குள் அடங்கும், மென்மையானது, குத்தும் முனை இல்லாதது. கயிற்றில் கட்டிய பந்தை ஆட்டிக்கொண்டே தாய், மேலே, கீழே, இதோ, போயிற்று என்று சொல்லுவாள். சொல்லும் அதன் பொருளும் ஒருங்கே குழந்தையின் உள்ளத்தில் பதியும். அகராதி தேடி அறியும் பொருளா இது!

இரண்டாம் கொடையில் மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவை இருந்தன. உருண்டை ஓடும், கனசதுரம் நிற்கும், உருளையோ நிற்கவும் செய்யும், ஓடவும் செய்யும். மூன்றாம் கொடை, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். குழந்தை அவற்றால் நாற்காலி செய்யும். பிறகு அதனையே மாற்றிப் படிக்கட்டு ஆக்கும். முன் கட்டியதை இடித்துத் தள்ளாமல் மாற்றியமைக்க வேண்டும்; ஒரு கட்டையும் எஞ்சி நிற்கலாகாது. இவை அவ்விளையாட்டின் விதிகள். பாதி, கால், அரைக்கால் என்னும் கணக்குகளை மனப்பாடம் செய்யாமலே பிள்ளைகள் அறிந்துகொண்டனர்.

1840இல் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயர் சூட்டினார். பெண்களைப் பயிற்றி ஆசிரியைகள் ஆக்கினார். அந்நாளில் இது புதுமை.

பத்தாண்டுகள் சென்றபின் பேரிடி ஒன்று விழுந்தது. 1851 ஆகஸ்டுத் திங்களில் பிரஷ்ய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் சமவுடைமைக் கொள்கையையும் பரப்புவன என்பது குற்றச்சாட்டு. பிரோபலின் அண்ணன் மகன் கார்ல் எழுதிய நூலொன்றை அவருடையதாகவே அதிகாரிகள் கொண்டனர். உண்மையை விளக்கி எழுதியும் பயனில்லை. கடவுட் பற்று மிக்க அம்முதியவர் உளம் நைந்தார். 1852 ஜூன் 21ஆம் நாள் மரியந்தால் என்னுமிடத்தில் உயிர் நீத்தார். அவருடைய கல்லறையின்மீது கனசதுரம், உருளை, உருண்டை ஆகிய மூன்றையும் கல்லில் வடித்து அடுக்கினர். தடை 1860இல்தான் நீங்கியது.

அதற்குள் அவருடைய மாணவியர் பிற நாடுகளில் அக்கல்வியைப் பரப்பியிருந்தனர். 1876 நவம்பரில் அது ஜப்பானை அடைந்தது. டோக்கியோ மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியுடன் இணைந்த குழந்தைத் தோட்டத்தில் கிளாரா மத்சுனோ என்னும் ஜெர்மானிய மாது தலைமை ஆசிரியை. செக்கி ஷின்சோ என்பவர் கொடைகளுக்கு ஜப்பானிய மொழியில் 'ஒன்புத்சு' என்று பெயர் தந்தார். அருளால் வந்த பொருள் என்பது அதன் கருத்து. மரக்கட்டையை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பாட்டையும் சொல்லையும் அவ்வாறு கொள்ள இயலுமா? தாய்மொழிச் சொல் அன்றோ குழந்தையின் நாவில் ஏறும்! ஆதலின் அப்பள்ளியார் அரண்மனை இசைவாணர்களை வேண்டினர். 1877 முதல் அவர்கள், ஜப்பானியச் சிறுவர் பாடி ஆடுதற்கேற்ற பாடல்களுக்குத் தங்கள் நாட்டுப் பண்களிலேயே இசை அமைத்துக் கொடுத்தனர்.