பாடம் சொல்லப் பழகியவர்

அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் நம் மாணவர்களுக்குத் திருத்தணி என்பது வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு பெயர். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், அரக்கோணம், அதற்கு அப்புறம் திருத்தணி. முருகன் கோயிலும் ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தவர்தான் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாக நாடே கொண்டாடுகிறது. தத்துவ மேதை, ஜனாதிபதி, பாரத ரத்னா என்று அவரைப் பற்றி எல்லா மேடையிலும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாடம் சொல்வது எப்படி என்று கற்றுக்கொள்ள, ஒரு மாணவராக அவர் பெஞ்சில் உட்கார்ந்த கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. நம் மலரைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தக் கதைதான் அதிகம் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

உதவித்தொகையில் ஒரு படிப்பு

தந்தை வீராசாமி ஜமீனில் வருவாய்த் துறையில் சிறிய வேலை பார்த்தவர். தாயார் சீதம்மா. வீட்டில் பேசுவது தெலுங்கு. வசதி கிடையாது. திருத்தணியில் ஆரம்பப் படிப்பு, திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, கடைசியாகச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. கிட்டத்தட்ட முழுப் படிப்பும் உதவித்தொகையில்தான் நடந்தது. அப்போது கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937-ல்தான்.

தத்துவத்தை அவர் ஆசைப்பட்டு எடுத்ததாகக் கூடச் சொல்ல முடியாது. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன. புத்தகச் செலவு மிச்சம் என்று அதே பாடத்தில் சேர்ந்துவிட்டார். கிடைத்ததை முழு மனதோடு படித்தார். 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதிய ஆய்வுரை அச்சாகிப் புத்தகமாகவே வந்தது. அப்போது அவருக்கு வயது 20.

அடுத்த ஆண்டு, 1909 ஏப்ரலில், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவத் துறையில் வேலை கிடைத்தது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது ஆரம்பிக்கிறது. வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பையன்களுக்கு ஏறக்குறைய இவர் வயதுதான். இவரோ சுபாவத்தில் கூச்சப்படுகிறவர். ஆட்களோடு பழகுவதைவிடப் புத்தகங்களோடு இருப்பதே தனக்குப் பிடிக்கும் என்று பின்னாளில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவர் தினமும் வகுப்பில் நின்று பேச வேண்டிய தொழிலுக்கு வந்து சேர்ந்தார்.

சைதாப்பேட்டையில் ஒரு மாணவர்

வேலையில் சேர்ந்த மறு ஆண்டே, 1910-ல், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு எல்.டி. பயிற்சிக்குப் போனார். எல்.டி. என்பது இன்றைய பி.எட். பட்டத்தின் தாத்தா. அந்தக் கல்லூரியின் வயதும் நம் ரயில் பாதையின் வயதும் ஒன்று என்பது ஒரு சுவையான பொருத்தம். ராயபுரத்திலிருந்து ஆவடி, அரக்கோணம் வழியாக வாலாஜா பக்கம் முதல் ரயில் ஓடியது 1856-ல். ஆசிரியர்களைத் தயார் செய்ய அரசு தொடங்கிய நார்மல் பள்ளி என்ற வடிவில் அந்தக் கல்லூரி பிறந்ததும் அதே 1856-ல்தான்.

ஆசிரியர் பயிற்சி என்றால் என்ன என்று பொறியியல் படித்த நமக்கு அவ்வளவாகத் தெரியாது. பயிற்சிக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாடக் குறிப்பு எழுத வேண்டும். எதை முதலில் சொல்வது, எங்கே கேள்வி கேட்பது, கரும்பலகையில் எதை எழுதுவது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நிஜமான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். பின்பெஞ்சில் பேராசிரியரும் சக மாணவர்களும் உட்கார்ந்து குறை நிறைகளை எழுதிக்கொண்டே இருப்பார்கள். முதல் பாடத்தில் கை கால் உதறும். நாற்பது நிமிஷத்துக்கு வைத்திருந்த விஷயம் பதினைந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் என்ன செய்வது? இந்தப் பயத்தைத் தாண்டாமல் யாரும் வாத்தியார் ஆனதில்லை.

எம்.ஏ. முடித்து, புத்தகம் எழுதி, அரசுக் கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டிருந்த ஒருவரைத் திரும்ப மாணவராக உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? எனக்கு எதற்கு இதெல்லாம் என்று முறுக்கிக்கொண்டிருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. பயிற்சியில் மனோதத்துவம் ஒரு பாடம். அதில் அவருக்கு இருந்த தேர்ச்சியைப் பார்த்து, அந்த வகுப்புக்கு வர வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். கூடப் படித்தவர்களுக்கோ அந்தப் பாடம் சரியாகப் பிடிபடவில்லை. அவர்களுக்கு இவரே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பேச்சுகளின் பலனாக 1912-ல் மனோதத்துவத்தின் அடிப்படைகள் பற்றிய அவருடைய சிறு நூல் வெளிவந்தது.

இதை ஒரு சாமர்த்தியமாக மட்டும் பார்த்தால் விஷயம் நழுவிப்போகும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. எல்லோரும் பட்டதாரிகள், நாளைக்கே வாத்தியார் ஆகப்போகிறவர்கள், தினமும் அடுத்தவர் பாடத்தில் குற்றம் கண்டுபிடிக்கப் பழகியவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் புரிகிற மாதிரி பேசுவதைவிடப் பெரிய பயிற்சிப் பாடம் ஒரு கூச்சக்காரருக்குக் கிடைக்காது. தனக்குத் தெரிந்ததை ஒப்பிப்பது அங்கே எடுபடாது. எதிராளிக்கு எங்கே இடறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் தன் குரல் நடுங்குகிறதா, தன் வேட்டி சரியாக இருக்கிறதா என்ற நினைப்பு தானாகக் குறைந்துவிடும். மேடை பயம் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்பது என் எண்ணம்.

வண்டியை இழுத்த மாணவர்கள்

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. மாநிலக் கல்லூரிக்குத் திரும்பினார். 1918-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1921-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்தது. மைசூரை விட்டுக் கிளம்பிய அன்று மாணவர்கள் பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்கார வைத்து, குதிரைகளுக்குப் பதிலாகத் தாங்களே ஸ்டேஷன் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். கூச்ச சுபாவமுள்ள ஒரு வாத்தியாருக்குப் பிள்ளைகள் கொடுத்த சான்றிதழ் அது.

இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் பாகம் 1923-லும் இரண்டாம் பாகம் 1927-லும் வந்தன. 1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1936-ல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறநெறிக்குமான பேராசிரியர். 1939 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1949-ல் சோவியத் நாட்டுக்கு இந்தியத் தூதர். 1952-ல் அங்கிருந்து விடைபெற்றபோது, உலகமே பயந்த ஸ்டாலினைக் கன்னத்திலும் முதுகிலும் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். வகுப்பில் வந்த பழக்கம், எங்கே போனாலும் போகவில்லை!

1952 முதல் பத்து ஆண்டு துணை ஜனாதிபதி. 1962 முதல் 1967 வரை ஜனாதிபதி. பிறந்த நாளைக் கொண்டாட அனுமதி கேட்டு வந்தவர்களிடம், தனக்கு விழா எடுப்பதைவிட ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்த நாளைக் கொடுத்தால் பெருமைப்படுவேன் என்று சொன்னதன் பலன்தான், 1962-ல் தொடங்கிய ஆசிரியர் தினம். 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

மறக்காத பாடம்

இத்தனைக்கும் நடுவில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-ல், பல்கலைக்கழகக் கல்வியைச் சீர்படுத்த அமைத்த கமிஷனுக்கு ராதாகிருஷ்ணன்தான் தலைவர். 1949-ல் வந்த அதன் அறிக்கை, பல்கலைக்கழக மானியக் குழு உருவாக வழி காட்டியது என்பது பலருக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சி பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. பள்ளியில் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். மதிப்பெண் போடும்போதும் அதற்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும். பயிற்சிக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் நல்ல அனுபவம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று அந்தக் கமிஷன் சொன்னது. புத்தக அறிவில் சிகரம் தொட்ட ஒருவர் தலைமையில், புத்தகத்தைவிட வகுப்பறைப் பழக்கம் முக்கியம் என்ற முடிவு வந்தது. அந்தப் பரிந்துரையின் திசையில் நாம் மெதுவாகத்தான் நடந்தோம். 2014-ல் வந்த விதிகள்தான் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, பள்ளியில் 20 வாரப் பயிற்சி வேண்டும் என்றன.

நமக்கு என்ன?

பள்ளி வாத்தியாராவது பி.எட். படித்துவிட்டு வருகிறார். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்த அப்படி ஒரு பட்டம் கேட்பதில்லை. எம்.இ. முடித்த 23 வயதுப் பையனோ பெண்ணோ நேராக அறுபது பேர் முன்னால் போய் நிற்க வேண்டும். 1909-ல் மாநிலக் கல்லூரியில் நின்ற அந்த 20 வயது இளைஞரின் நிலைமைதான் இது. அவருக்கு ஒரு சைதாப்பேட்டை இருந்தது. நம் தம்பி தங்கைகளுக்கு?

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. இறுதியாண்டு மாணவர்களின் செமினார் நாட்களில், ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் இரண்டு பேராவது வந்து பின்பெஞ்சில் உட்காரலாம். புரிந்தது எது, புரியாதது எது என்று ஒரு தாளில் எழுதிப் பேசியவர் கையிலேயே கொடுத்துவிடலாம். கேலி வேண்டாம், மார்க்கும் வேண்டாம். இதுக்குப் பணம் தேவையில்லை, மண்டபம் தேவையில்லை, வருஷத்தில் நாலு மத்தியானம் போதும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூச்சம் ஒரு குறை இல்லை. திருத்தணிக்காரருக்கும் அது கடைசி வரை கொஞ்சம் இருந்தது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தைத் தெரியாத ஒரு நண்பனுக்கு இந்த வாரமே சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். தைரியம் அங்கிருந்துதான் வரும்.