இருமுறை தேறாத கால்வா

படிகங்களைப் பற்றி ஆராயும் எனக்குக் குலக் கோட்பாடு அன்றாடச் சோறு. கணிதத்தில் 'குலம்' என்னும் பெயரை வழங்கிய எவரிஸ்ட் கால்வா, கல்லூரி நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றவர் என்றால் நண்பர்கள் வியப்படையலாம்.

1811-இல் பாரிஸ் அருகே பிறந்தவர். 1828-இல், சிறப்புக் கணித வகுப்பில் பயிலாமலே, ஓராண்டு முன்னதாகப் பாலிடெக்னிக் தேர்வுக்குப் போனார், தேறவில்லை.

பின்னர் வாய்த்த ஆசிரியர் லூயி ரிஷார். ஊரில் என் தம்பி இவ்வாண்டு கணிதத்தில் மதிப்பெண் குறைந்து முடங்கிக் கிடக்கிறான். என்ன சொல்லித் தேற்றுவது என்று அம்மா கேட்கிறார். ஆதலால் ரிஷாரையே மிகுதியும் நினைக்கிறேன். அவர் தேர்வு முடிவைப் பாராமல் மாணவன் எழுதியதைப் பார்த்தார். இவனைத் தேர்வின்றியே சேர்க்கலாம் என்றார். 1829-இல், 17 வயதில், கால்வாவின் முதற் கட்டுரை அச்சேறியது.

அவ்வாண்டு ஜூலை 2-இல் தந்தை தற்கொலை செய்துகொண்டார். சில நாட்களிலேயே இரண்டாம் தேர்வு. துக்கம் ஆறாத பிள்ளை தேர்வாளர்முன் நின்றது, மீண்டும் தோல்வி. தேர்வாளர் மேல் துடைப்பானை வீசினார் என்றொரு கதையுண்டு. நான் நம்புவதில்லை, அந்த ஒரு வாரத்தை எண்ணினாலே நெஞ்சு கனக்கிறது. மூன்றாம் முறைக்கு விதி இடந்தரவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அரசியல், வெளியேற்றம், சிறை. 1832 மே மாதம் துப்பாக்கிச் சண்டையில் 20 வயதில் மாண்டார். லியூவில் 1846-இல் அவர் படைப்புகளை வெளியிட்டார்.

ரிஷாரோ கால்வாவின் வகுப்பேடுகளைப் பாதுகாத்து வைத்திருந்தார். பின்னாளில் அவற்றைத் தம் மற்றொரு மாணவரான ஷார்ல் எர்மீட்டிடம் கொடுத்தார். பெருங் கணித மேதையாக விளங்கிய எர்மீட், 1842-இல் அதே பாலிடெக்னிக் தேர்வில் பெற்றது 68-ஆம் இடம்.