கடலின் நீலத்தை ஆராய்ந்த சர் சி.வி. இராமன்

ஒரே சாயத்துணி குழல்விளக்கின் கீழ் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தோன்றுவதைத் திருப்பூர்வாசிகளாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறம் என்பது துணியில் மட்டுமன்று, அதன்மீது விழும் ஒளியிலும் அடங்கியிருக்கிறது. அவ்வொளி கண்ணுக்கெட்டாத ஒரு மூலக்கூறைச் சந்திக்கும்போது நிகழ்வதைக் கண்டறிந்தவர், தமிழ்மண் ஈன்ற சர் சி.வி. இராமன் ஆவார்.

1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மாணவராயிருந்தபோதே, 1906இல், ஒளியைப் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் ஆய்விதழில் வெளியாயிற்று. மறு ஆண்டு நிதித்துறைத் தேர்வில் தேறிக் கல்கத்தாவில் உயர் பதவியில் அமர்ந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1917இல் அப்பதவியைத் துறந்து, கணிசமாகக் குறைந்த ஊதியத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி, படிக்கும் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பும் இல்லங்கள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. அவ்வில்லங்களில் இச்செய்தி பேசப்பட வேண்டுமென்பது நம் எண்ணம்.

1921இல் இங்கிலாந்து சென்று திரும்புகையில், மத்திய தரைக்கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் பிரதிபலிப்பே கடலின் நீலம் என்பது ராலே பிரபு போன்ற பேரறிஞரின் கருத்து. இராமனோ தம்மிடமிருந்த சிறு நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் உணர்ந்தார். (பார்வையையும் ஒளியையும் சோதனைகளால் ஆராய்ந்த பஸ்ராவின் இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டிலேயே வாழ்ந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.)

அதன்பின் ஏழாண்டுகள் சளைக்காத உழைப்பு. சூரிய ஒளியை ஊதாநீலக் கண்ணாடி வழியே செலுத்தித் தூய்மைப்படுத்திய திரவத்தின் மீது பாய்ச்சினர். மறுபக்கம் அந்நிறத்தை முற்றிலும் தடுக்கும் பச்சைக் கண்ணாடி வைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் இருளே மிஞ்ச வேண்டும். ஆயினும் மங்கிய ஒளி ஒன்று கசிந்தது! உள்ளே புகுந்த ஒளியில் இல்லாத நிறம் வெளியே வந்தது. காரணம் இதுவே: ஒளி சிறுசிறு ஆற்றல் துகள்களாகவும் செயல்படுகிறது. அத்துகள் மூலக்கூறில் மோதும்போது, அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு அதன் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சில வேளை கொடுக்கவும் செய்கிறது. ஆற்றல் மாறினால் நிறமும் மாறும். ஏறத்தாழ கோடித் துகள்களில் ஒன்றுக்கே இது நேர்கிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய அளவில் நிறத்தை மாற்றுவதால், மருந்து, இரத்தினம், சாயம் என எதனையும் சிதைக்காமலேயே இன்னதென்று இன்று கண்டறிய முடிகிறது.

1928 பிப்ரவரி 28 அன்று உறுதியான இக்கண்டுபிடிப்புக்காக 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிட்டியது. ஏறக்குறைய அதே வேளையில் இதனைப் படிகத்தில் கண்ட மாஸ்கோ அறிஞர்கள் விடுபட்டனர். உடனிருந்து சோதனைகளை நிகழ்த்திய வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனுக்கும் பங்கில்லை. முதல் அறிக்கையில் இருவர் பெயரும் இருக்க, உலகம் ஒரு பெயரையே நினைவில் கொண்டது நமக்கு வருத்தமே. கிருஷ்ணன் பின்னர் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகி, 1961இல் காலமானார்.

இராமன் 1933 முதல் பெங்களூரில் வாழ்ந்தார். 1948இல் தம் பெயரில் ஆய்வு நிறுவனம் கண்டார். 1954இல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21 அன்று அவ்வூரிலேயே மறைந்தார்.