கோயமுத்தூருக்குத் தண்ணீர் தேடிய பத்திரிகை ஆசிரியர்

உடுமலைப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே பத்திரிகையை நாலு பேர் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். டில்லி சமாசாரம் ஒருவர் கையில். சினிமாப் பக்கம் இன்னொருவர் கையில். ஆனால் எல்லோரும் கேட்டு வாங்குவது உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைத்தான். எந்த வீதிக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, சந்தையில் தேங்காய் என்ன விலை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

குழாயடி விஷயமெல்லாம் ஒரு செய்தியா என்று சிரிக்கிற படிப்பாளிகளும் உண்டு. அவர்களுக்கு நரசிம்மலு நாயுடுவின் கதையைச் சொல்ல வேண்டும்.

சே. ப. நரசிம்மலு நாயுடு 1854-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஈரோட்டில் பிறந்தார். அவருக்கு 23 வயது நடக்கும்போது, 1877-ல், சேலத்தில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் சுதேசாபிமானி. தன் தேசத்தின்மேல் பற்றுள்ளவன் என்று அர்த்தம்.

அந்த வருஷத்தைக் கவனியுங்கள். அதுதான் தாது வருஷப் பஞ்சம் ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். நம் பக்கத்துப் பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு வந்து சொன்ன கதைகளில் அந்தப் பஞ்சம் இருக்கும். மழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். சேலம் ஜில்லாவில் 1871-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கையும் 1881-ல் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று லட்சத்துக்கு மேல் குறைவு. பத்து வருஷத்தில் பெருக வேண்டிய ஜனத்தொகை அப்படிச் சுருங்கிவிட்டது. சாப்பாட்டுக்கே வழியில்லாத ஊரில் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவார் யார்? லாபத்தை எண்ணி அந்த வேலையில் அவர் இறங்கியிருக்க முடியாது.

1879 வாக்கில் அவர் கோயமுத்தூருக்கு வந்தார். இங்கே கோயமுத்தூர் அபிமானி என்று ஒரு பத்திரிகை நடத்தினார். பிறகு கலாநிதி வந்தது. அந்தப் பெயரிலேயே அச்சுக்கூடமும் வைத்தார். இங்கிலீஷில் கிரசண்ட் என்று ஒரு பத்திரிகையும் உண்டு.

அப்போதைய கோயமுத்தூர் இப்போதைய கோயமுத்தூர் அல்ல. பஞ்சாலைப் புகைபோக்கி ஒன்றுகூடக் கிடையாது. நகரசபை ஏற்பட்டது 1866-ல்தான். நம் உடுமலைப்பேட்டை அந்த ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகவேண்டியிருந்தது. செய்தி என்றால் மாட்டு வண்டியில் வர வேண்டும், அல்லது தபாலில் வர வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். பத்திரிகை இப்படித்தான் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட ஊரில் பத்திரிகை நடத்துவதில் ஒரு கஷ்டம் உண்டு. லண்டன் பார்லிமெண்டைப் பற்றித் தப்பாக எழுதினால் கோயமுத்தூரில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உள்ளூர்க் குளத்தைப் பற்றித் தப்பாக எழுதினால், அந்தக் குளத்தில் குளித்துவிட்டு வருகிறவனே அச்சுக்கூடத்து வாசலில் வந்து நிற்பான். தாசில்தாரைப் பற்றி எழுதினால் மறுநாள் அவர் எதிரே வருவார். வியாபாரியைப் பற்றி எழுதினால் அவர் மைத்துனன் நமக்குச் சிநேகிதனாக இருப்பான். ஆகவே, உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவனுக்கு மற்றவர்களைவிடக் கண்ணும் கூர்மையாக வேண்டும், முதுகெலும்பும் நேராக வேண்டும். பட்டணத்துப் பத்திரிகைக்காரர்கள் இதை அவ்வளவாக உணர்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அக்காலத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் வருகிற முக்கியமான விஷயங்களைச் சுருக்கி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, பெரிய அதிகாரிகளுக்குக் காட்டுவதற்குச் சர்க்காரே ஆள் வைத்திருந்தது. பத்திரிகைகள்மேல் ஒரு கண் வைத்திருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் அதிலும் ஒரு நன்மை விளைந்தது. மூலையில் கிடக்கும் ஓர் ஊரின் குறை, பத்திரிகையில் ஏறிவிட்டால், சென்னையில் உள்ள மேஜைவரை போக வழி பிறந்தது.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

கோயமுத்தூருக்குக் குடிதண்ணீர் பெருங்கவலை. கிணற்றையும் குளத்தையும் நம்பித்தான் ஊர் இருந்தது. கோடையில் கிணறு வற்றும். கெட்ட தண்ணீரால் காலரா வரும். அது போதாதென்று இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக்கும் வந்து சேர்ந்தது. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று கோவில்களே இருக்கின்றன என்றால் ஜனங்கள் பட்ட பயத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் இல்லை என்று எழுதுவது யாருக்கும் சுலபம். ஒவ்வொரு கோடையிலும் எழுதலாம், அடுத்த மழையில் மறந்துவிடலாம். நாயுடு அதோடு நிற்கவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடினார். ஊருக்கு மேற்கே மலைக்குள், முத்திக்குளம் என்ற இடத்தில், சிறுவாணி விழுந்து ஓடுகிறது. அங்கிருந்து கோயமுத்தூருக்குத் தண்ணீர் கொண்டுவரலாம் என்ற யோசனையை 1889-ல் அவர் முன்வைத்தார். காட்டு வழியாகத் தாமே போய்ப் பார்த்து வந்தார் என்று கோவைச் சரித்திரம் எழுதியவர்கள் குறிக்கிறார்கள். நேரில் பார்த்தது, பார்த்ததை எழுதியது, எழுதியதை விடாமல் பிடித்துக்கொண்டது ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த யோசனை செத்துப்போகவில்லை.

சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். யார் உலகத் தண்ணீரையெல்லாம் குடித்துப் பார்த்து இந்தக் கணக்கை எடுத்தார் என்று கேட்டால் பதில் கிடையாது. இதுவும் ஓர் உள்ளூர்ச் செய்திதான். ஆனால் நாயுடு தேடிப் போன ரகத்தைச் சேர்ந்தது அல்ல.

1885 டிசம்பரில் பம்பாயில் முதல் காங்கிரஸ் மகாசபை கூடியது. வந்த பிரதிநிதிகள் 72 பேர். அவர்களில் கோயமுத்தூரிலிருந்து போனவர் நரசிம்மலு நாயுடு. வடதேசத்தில் தாம் கண்டவற்றை யாத்திரைப் புஸ்தகமாகவும் எழுதி 1889-ல் வெளியிட்டார். தமிழில் பிரயாண நூல்கள் மிகவும் அபூர்வமாக இருந்த சமயம் அது. சரித்திரம், சமயம் என்று அவர் எழுதிய புஸ்தகங்கள் ஏறக்குறைய நூறு. பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர் ஆகையால் விதவா விவாகத்தை ஆதரித்தார். அதற்காக ஊரில் ஏச்சும் கேட்டிருப்பார்.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியில் கோயமுத்தூரின் முதல் பஞ்சாலை தோன்றியது. அதற்குத் துணை நின்றவர்களில் நாயுடுவும் ஒருவர். விக்டோரியா மகாராணியின் ஜூபிலி ஞாபகமாக ஊருக்கு ஒரு நகரமண்டபம் வேண்டுமென்று முன்நின்று உழைத்தவரும் அவரே. அந்தக் கட்டடம் 1892-ல் எழுந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மில்லில் சம்பந்தம் உள்ளவர் மில்லைப் பற்றி நடுநிலையாக எழுத முடியுமா? மண்டபம் கட்ட முன்நின்றவர் மண்டபக் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்பாரா? நாயுடுவின்மேல் மரியாதை உள்ளவர்களும் இதைக் கேட்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் ஊரில் இங்கிலீஷும் தமிழும் தெரிந்து, நாலு பேரைக் கூட்டி ஒரு காரியம் செய்யக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள். எழுதுகிறவரே செய்கிறவராகவும் இருக்க நேர்ந்தது. அவர் எதில் கை வைத்திருக்கிறார் என்பது படிப்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் இன்று ஒரு நிருபர் அப்படிச் செய்தால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இன்று ஆட்கள் போதுமானவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கட்டட்டும், இன்னொருவர் கணக்குக் கேட்கட்டும்.

நரசிம்மலு நாயுடு 1922 ஜனவரியில் காலமானார். வயது 67. அவர் யோசனை சொல்லி முப்பது வருஷத்துக்கு மேல் கடந்திருந்தது. சிறுவாணித் தண்ணீர் அதுவரை வரவில்லை. பணம் போதவில்லை என்பார்கள். மலையைக் குடைய வேண்டுமே என்பார்கள். இப்படியே காலம் ஓடிற்று. அவர் மறைந்து சில வருஷங்கள் சென்ற பிறகு, 1920-களின் கடைசியில்தான், மலையைக் குடைந்து வந்த தண்ணீர் கோயமுத்தூர்க் குழாய்களில் இறங்கியது. அதைக் கையில் பிடித்துக் குடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் பாடுபட்ட நகரமண்டபம் இன்றும் டவுன்ஹால் பகுதியில் நிற்கிறது. கோவை மாநகராட்சியின் கூட்டம் அங்கேதான் கூடுகிறது. எந்த வார்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்ற சண்டை அங்கே அடிக்கடி நடக்கும். அதைக் குறிப்பெடுக்கக் கையில் பேனாவுடன் நிருபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.