விடிந்தும் போகாத பேச்சு

கலைஞன் ஒருவன் மறைந்த பிறகு அவனைப் பற்றி இரண்டு கணக்குகளை ஊர் வைத்துக்கொள்கிறது. ஒன்று அவன் கலையைப் பற்றியது. மற்றொன்று அவன் குறையைப் பற்றியது. முதல் கணக்கை விழா மேடையில் படிக்கிறார்கள். இரண்டாவதைத் திண்ணையில் படிக்கிறார்கள். திண்ணைக் கணக்குக்குத்தான் கேட்போர் அதிகம்.

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் செம்பூரில் நான் சிறுவயது முதலே கேட்டிருக்கிறேன். செட்டா நகர் முருகன் கோயில் விழாவிலோ, மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்திலோ நாதஸ்வரக்காரர் தோடி இராகத்தை எடுத்துவிட்டால் போதும், அருகே இருக்கும் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் தோடியைப் பற்றிப் பேசுவது ஒரு நிமிடம். அவருடைய குடியைப் பற்றிப் பேசுவது பத்து நிமிடம். எத்தனை மணிக்கு வந்தார், எப்படித் தள்ளாடினார், யாரை எடுத்தெறிந்து பேசினார் என்ற கதைகள் சிரிப்புக்கு இடையே வந்துகொண்டே இருக்கும். சிரிப்பின் நடுவே அவர் பிறந்த குலத்தைப் பற்றியும் ஒரு சொல் விழும். அந்த ஒரு சொல்தான் என்னை உறுத்தியது. அதனால்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததையும் நினைத்ததையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராஜரத்தினம் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் வளர்ப்புக்கு வந்தார். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான். சிறுவனுக்கு முதலில் வாய்ப்பாட்டே சொல்லிவைக்கப்பட்டது. பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாடம் கேட்டார். நாதஸ்வரம் பிறகுதான் கைக்கு வந்தது. பிற்காலத்தில் அவர் குழல் பாடுவது போலவே ஒலித்ததற்கு இந்த வாய்ப்பாட்டுப் பயிற்சி ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

அக்காலத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் பெரும்பாலும் இசை வேளாளர் குலத்தவர். அவர்கள் வாசிக்காமல் தேர் நகராது, தாலி ஏறாது. ஆனால் அவர்களுக்கு இருக்கை கிடையாது. சாமி புறப்பாட்டின் முன்னே நடந்துகொண்டே வாசிக்கவேண்டும். மேலே சட்டை அணியக் கூடாது. செல்வர் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும். வயது அறுபது ஆனாலும் ஒருமையில்தான் அழைப்பார்கள். விருந்தில் அவர்களுக்கு இலை போடுவது எல்லாரும் உண்டு எழுந்த பிறகுதான். மங்கல இசை என்று வாசிப்புக்குப் பெயர். வாசித்தவருக்கோ மங்கலமான இடம் எதுவும் இல்லை.

இந்த நிலையில்தான் இராஜரத்தினம் வந்தார். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார். காதிலும் விரலிலும் கல் மின்ன மேடையேறினார். நடந்துகொண்டு வாசிக்க மறுத்தார். தமக்கு மேடை வேண்டும் என்றார். வாய்ப்பாட்டு வித்துவானுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, என்ன சன்மானமோ அதற்குக் குறையாத சன்மானம் என்பதே அவர் கட்சி. இன்று நமக்கு இவை சாதாரணமாகத் தோன்றும். அன்று ஒரு கோட்டு அணிவதே ஒரு கலகம்.

கலகம் செய்தவர் வெறுங்கையோடு செய்யவில்லை. அதுவரை வழக்கில் இருந்தது திமிரி நாதஸ்வரம். நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. சுத்த மத்தியமம் அதில் தூய்மையாகப் பேசுவது அரிது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியுடன் சேர்ந்து, நீளம் கூடிய பாரி நாதஸ்வரத்தை அவர் உருவாக்கச் செய்தார். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, சுத்த மத்தியமமும் சரியான இடத்தில் நின்றது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். தெருவுக்கு உரியது என்று எண்ணப்பட்ட வாத்தியம் சபா மேடைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டு வித்துவான்களின் கையில் காண்பது பெரும்பாலும் அந்தப் பாரி நாதஸ்வரமே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

தோடியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? கொலம்பியா இசைத்தட்டில் அவர் வாசித்த தோடி ஆலாபனை சில நிமிடங்களே ஓடுவது. இன்றும் அதைக் கேட்டு வித்துவான்கள் பாடம் கற்கிறார்கள். ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற பெரும் பாடகர்களும் அவர் வாசிப்பில் மயங்கினார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் உடன் சேர்ந்தால் ஊரே திரளும். 1940ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் அவரே புலவர் காளமேகமாக நடித்தார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில், ஆதீனத்தின் குழுவினர் செங்கோலுடன் டெல்லிக்குச் சென்று நேருவைக் கண்டபோது ஒலித்த நாதஸ்வரமும் அவருடையதே.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் குடித்தார், அளவின்றிக் குடித்தார். கச்சேரிக்கு நேரத்தில் வரமாட்டார். சில இடங்களுக்கு வரவே மாட்டார். தம்மை மிஞ்ச ஆளில்லை என்று தாமே பேசுவார். சக வித்துவான்களையும் அழைத்தவர்களையும் அலட்சியமாக நடத்திய கதைகள் பல உண்டு. மதராஸ் மாகாணம் முழுவதிலும் 1948ஆம் ஆண்டு மதுவிலக்கு வந்துவிட்டது. எனவே அவருடைய கடைசி ஆண்டுகளில் குடி என்பது ஒழுக்கக் குறைவு மட்டுமன்று, சட்டக் குற்றமும்கூட. ஈட்டியது ஏராளம், ஈட்டியதையெல்லாம் செலவிட்டார். ஐந்து முறை மணம் செய்துகொண்டார், மகப்பேறு இல்லை. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

இதில் துன்பப்பட்டவர்கள் யார்? கடன் வாங்கி முன்பணம் கொடுத்து, பந்தலில் விழித்துக் காத்திருந்த ஊர்க் கோயில்காரர். அன்றையக் கச்சேரி நடந்தால்தான் கூலி என்றிருந்த ஒத்துக்காரரும் தாளக்காரரும். வீட்டில் இருந்த பெண்கள். மேதையின் குடி என்றால் அது அழகாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கலை பெரிது என்பதற்காக இந்தக் கடன் தள்ளுபடி ஆகாது.

ஆனால் அவர் காலத்து மக்கள் இதை எப்படி ஏற்றார்கள் என்று பார்க்கும்போதுதான் செய்தி வேறு உருவம் எடுக்கிறது. ஒரு சாரார் எல்லாவற்றையும் மன்னித்தார்கள். பத்து மணிக் கச்சேரிக்கு நள்ளிரவில் வந்தாலும், சீவாளியை உதட்டில் வைத்து ஒரு பிடி பிடித்தவுடன் கோபம் பறந்துவிடும். இது இரசிகர்களின் அன்பு. ஆனால் அவரைக் கெடுத்ததும் இந்த அன்புதான். கண்டித்துத் திருத்தவேண்டியவர்கள் கைதட்டினார்கள்.

மற்றொரு சாரார் எதையும் மன்னிக்கவில்லை. அதுவும் ஓர் உரிமைதான். ஆனால் அவர்கள் கண்டித்தது எதை? காத்திருக்க வைத்ததையா, கோட்டு அணிந்ததையா? நேரம் தவறியதையா, நாற்காலி கேட்டதையா? அவர் கதைகளைத் தொகுத்துப் பாருங்கள். குடித்த கதையும் மேடை கேட்ட கதையும் ஒரே மூச்சில், ஒரே திமிருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது குற்றம், இரண்டாவது நியாயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியவர்கள், முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் தள்ளிவிட்டார்கள். குடித்தது இராஜரத்தினம் என்ற ஒரு மனிதர். பழியோ ஒரு குலத்தின் மேல் விழுந்தது. மேளக்காரப் புத்தி என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. உயர்ந்த குலத்தில் பிறந்து குடித்த கலைஞர்களும் இருந்தார்கள். அவர்கள் குடி அவர்களுடைய சொந்தக் குறையாகவே நின்றது. யாருடைய குலத்துக்கும் அது போய்ச் சேரவில்லை.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வாய்க்கவில்லை. 1956ஆம் ஆண்டு அந்த விருது திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை என்ற நாதஸ்வர வித்துவானுக்கு வந்தது. அதே டிசம்பரில்தான் இராஜரத்தினம் கண்ணை மூடினார். அவருக்குக் கிடைக்காததற்குக் காரணம் நடத்தையா, வேறா என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்லன். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு மேடையில் ஆசனம் கிடைத்தது என்பதை மட்டும் சொல்வேன். அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலம் அடக்கமே உருவானவர் என்று பெயரெடுத்தார். 1962ஆம் ஆண்டு வந்த கொஞ்சும் சலங்கை படத்தின் வழியே அவர் நாதஸ்வரம் வீடுதோறும் ஒலித்தது. குரு சண்டையிட்டுப் பெற்ற இடத்தில் சீடர் பணிவோடு அமரமுடிந்தது.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இதை மேல்நாட்டிலும் சோதித்துப் பார்த்தார்கள். 2006ஆம் ஆண்டு ஜூலையில் ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன், மாலிபுவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகக் கைதானார். அப்போது யூத மக்களை இழித்துப் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். பேசியது மதுவே என்றனர் சிலர். மது கதவைத்தான் திறந்தது, உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது என்றனர் வேறு சிலர். பத்தாண்டு கழித்து அவர் இயக்கிய படம் ஆஸ்கர் போட்டியில் சிறந்த இயக்குநருக்கான பரிந்துரையையும் பெற்றுத் தந்தது. குடித்தவனின் இழிசொல்லைப் பற்றி உலகம் இவ்வளவு வாதிட்டது. நல்லதுதான்.

ஆனால் இராஜரத்தினம் கதையில் நான் காண்பது நேர் எதிரானது. அவர் குடித்துவிட்டுப் பேசியவையெல்லாம் விடிந்ததும் போய்விட்டன. அவரைப் பற்றிக் குடிக்காதவர்கள், குளித்துப் பூசித் தெளிந்த புத்தியோடு பேசிய குலப்பேச்சு அவர் மறைந்து எழுபது ஆண்டு ஆகப்போகும் இன்றும் போகவில்லை. அதற்குச் சாக்குச் சொல்ல மதுகூட இல்லை.

மும்பைத் தமிழராகிய நமக்கு இது புரியாத செய்தி அன்று. 1966ஆம் ஆண்டு சிவசேனை தோன்றியதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில், மதராஸி என்றும் லுங்கிவாலா என்றும் இந்நகரில் நம் முன்னோர் ஏசப்பட்டனர். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. ஒருவன் செய்த தவற்றுக்கு எல்லாரையும் ஒரு சொல்லில் கட்டி அடிப்பது என்ன வலி என்பதைத் தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் அறியும். அந்த வலியை அனுபவித்த வீடுகளிலேயே மேளக்காரன் என்ற சொல் ஒருமையில், சிரிப்போடு வருகிறது என்றால், நாம் வலியைக் கற்றோமே தவிர அதன் பாடத்தைக் கற்கவில்லை.

சென்ற ஆண்டு செம்பூரில் ஒரு திருமண மண்டபத்தில் பார்த்தேன். மூன்று பந்தி முடிந்தது. விடியற்காலை முதல் வாசித்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வாத்தியங்களை உறையில் இட்டுவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தனர். தெருவில் நின்றவர்களை இராஜரத்தினம் மேடையேற்றினார். நாம் மேடையில் வாசிக்கவிட்டுச் சாப்பாட்டுக்கு மீண்டும் சுவரோரம் நிறுத்துகிறோம்.

அவருடைய குடியை நாம் பின்பற்றவேண்டா. அதைச் சிறப்பித்துப் பேசவும் வேண்டா. அவர் கேட்ட நாற்காலியை மட்டும் மறக்கவேண்டா. நம் சங்கத்தின் அடுத்த பொங்கல் விழாவுக்கு நாதஸ்வரக் குழுவை அழைக்கும்போது, வாயிலில் நிறுத்தி வரவேற்புக்கு மட்டும் வாசிக்கவைக்காமல், மேடையில் ஒரு மணி நேரமாவது கச்சேரி செய்ய இடம் கொடுப்போம். வித்துவான்களின் பெயரை அழைப்பிதழில் அச்சிடுவோம். முதல் பந்தியில் நம்மோடு அவர்களுக்கும் இலை போடுவோம். இதற்குச் சங்கத்தின் நிதியில் கூடுதலாக ஒன்றும் செலவாகாது. செயற்குழு நண்பர்கள் இதைத் தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.