படக்கதை கண்ட ஆசிரியர்

சிறுவரும் முதியோரும் விரும்பிப் படிக்கும் படக்கதைக்கு வழி வகுத்தவர் ஒரு பள்ளியாசிரியர். ரொடால்ப் தொப்பர் என்னும் அவர், 1799ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற ஓவியர். அவரைப் போலத் தாமும் வண்ணந்தீட்டி வாழவேண்டும் என்பதே இளைஞரின் வேட்கை. ஆனால், கண்ணோய் அவ்வேட்கையைக் கருக்கிவிட்டது. தூரிகையைக் கீழே வைத்த தொப்பர், கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டார்.

மணமான பின்னர் அவர் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றை நிறுவினார். மாணவரை அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைகளிற் கால்நடையாகச் சுற்றுவார். அவர்கள் சூழ்ந்திருக்கப் பேனாவால் நகைப்பூட்டும் உருவங்களை விரைந்து வரைவார். வண்ணத்திற்கு இடங்கொடாத கண் கோட்டிற்கு இடங்கொடுத்தது. காதலுக்காக அல்லற்படும் வியே புவா என்பவரின் கதை, 1827இல் இவ்வாறு உருவாயிற்று.

கதையை முழுதும் எழுதி முடித்தபின் படம் வரைவது அவர் வழக்கமன்று. முதலில் ஒரு முகத்தை வரைவார். மூக்கைச் சற்றே நீட்டினாலும், உதட்டைச் சற்றே மடித்தாலும் அம்முகத்தின் குணம் மாறிவிடும். குணம் புலப்பட்டதும் அதற்கேற்ற செயல் தோன்றும். செயலிலிருந்து அடுத்த இடுக்கண் முளைக்கும். கிரெப்பன் என்பவரின் கதை, தற்செயலாகத் தாளில் விழுந்த ஒரு முகத்திலிருந்தே விளைந்ததாம்! தாளை நெடுங்கோடுகளாற் கட்டங்களாகப் பகுப்பார். கதை விரையும் இடங்களிற் கட்டங்கள் குறுகும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் தம் கையாலேயே இரண்டொரு வரி எழுதுவார். படமின்றி அவ்வரிகள் விளங்கா. வரிகளின்றிப் படமும் பொருள் தராது. இவ்விணைப்பே அவர் கண்ட புதுமை.

நண்பர் ஒருவர் வாயிலாக இக்கையேடுகள் ஜெர்மனியின் வைமார் நகரில் வாழ்ந்த மகாகவி கெதேயை அடைந்தன. 1831ஆம் ஆண்டின் தொடக்கம் அது. மகனை இழந்து சில திங்களே ஆகியிருந்த அந்த எண்பத்தொரு வயது முதியவர், ஒருமுறைக்குச் சில தாள்களாகச் சுவைத்து மகிழ்ந்தார். ஆசிரியரின் ஆற்றலை மனமாரப் பாராட்டினார்.

எனினும் தொப்பர் தயங்கினார். 1832இல் ஜெனீவாக் கல்விக்கழகத்திற் பேராசிரியரான அவருக்கு, கற்றோர் எள்ளுவரோ என்னும் அச்சம் இருந்தது. ஜாபோ என்பவரின் கதையை 1833இல் அச்சிட்டும், 1835 வரை வெளியிடாது வைத்திருந்தார். நூலிலும் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே பொறித்தார். கல்லச்சில் நேரே வரைவோர் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதவேண்டும். தொப்பரோ தனி மையால் தாளில் வரைந்து, அதனைக் கல்லின்மேற் பதித்து மாற்றும் முறையைக் கையாண்டார். அதனால் அவர்தம் கையோட்டம் சிதையாமல் அச்சேறியது. 1842இல் வியே புவாவின் கதை அவர் இசைவின்றியே அமெரிக்காவிலும் அச்சாயிற்று.

முகங்களை வரைந்து குணங்காட்டும் கலை பற்றி 1845இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே கிரிப்தோகாம் என்பவரின் கதை பாரிஸ் இதழொன்றில் தொடர்ந்து வந்தது. அப்போது அவர் பார்வை பெரிதும் குன்றியிருந்தது. ஆதலால், அவர் முன்னர் வரைந்தவற்றைப் பார்த்து வேறோர் ஓவியரே அச்சுக்குரிய மரக்கட்டைகளில் வரைந்து கொடுத்தார். 1846ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில், தொப்பர் ஜெனீவாவிற் காலமானார்.