விண்வெளியில் முதல் சாப்பாடு!

தட்டில் போட்ட சாதம் தட்டிலேயே இருக்கிறது. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் டம்ளரிலேயே நிற்கிறது. ஆனால், பூமியைச் சுற்றும் விண்கலத்தில் எல்லாமே எடையற்று மிதக்கும். அங்கே எப்படிச் சாப்பிடுவது? விழுங்கிய உணவு வயிற்றுக்குப் போகுமா, தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளுமா? மருத்துவர்களுக்கே இந்தக் கவலை இருந்தது. அதைச் சாப்பிட்டுக் காட்டித் தீர்த்து வைத்தவர்தான் யூரி ககாரின்!

1934 மார்ச் 9-ஆம் தேதி, அன்றைய சோவியத் யூனியனில் உள்ள குளூஷினோ கிராமத்தில் பிறந்தார் ககாரின். அப்பா தச்சர். அம்மா பால் பண்ணையில் வேலை பார்த்தார். யூரிக்கு ஏழு வயதானபோது, ஜெர்மானிய ராணுவம் அந்த ஊரைப் பிடித்து, அவர்களது வீட்டையும் பறித்துக்கொண்டது. குடும்பமே தோட்டத்தில் குழி வெட்டி, சிறிய மண்குடிசை போட்டு 21 மாதங்கள் வாழ்ந்தது. சாப்பாட்டுக்குப் பெரும் திண்டாட்டம்!

போர் முடிந்ததும் யூரி வார்ப்புத் தொழில் கற்றார். பிறகு விமானம் ஓட்டப் பழகி, போர் விமானி ஆனார். 1960-இல் விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வான 20 பேரில் அவரும் ஒருவர்.

1961 ஏப்ரல் 12. 'வாஸ்டாக் 1' விண்கலத்தில் கிளம்பினார் ககாரின். மொத்தப் பயணமே 108 நிமிடங்கள்தான். அதற்குள் எதற்குச் சாப்பாடு என்கிறீர்களா? திரும்பி வர உதவும் எஞ்சின் இயங்காமல் போனால், கலம் தானாகக் கீழே இறங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அதற்காகப் பத்து நாள் உணவு வைத்திருந்தார்கள். விழுங்க முடியாவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

உணவு, பற்பசை போல டியூபில் இருந்தது. ஒவ்வொன்றிலும் 160 கிராம். இறைச்சிக் கூழ், சாக்லேட் கூழ்! டியூபை வாயில் வைத்துப் பிதுக்க வேண்டும். துணுக்கோ துளியோ சிந்தினால், மிதந்துபோய்க் கருவிகளுக்குள் புகுந்துவிடும். அவர் குறிப்பெழுதிய பென்சில்கூட மிதந்து நழுவிவிட்டது!

ககாரின் சாப்பிட்டார், தண்ணீரும் குடித்தார். ஒரு சிரமமும் இல்லை. உணவைக் கீழே தள்ளுவது உணவுக்குழாயின் தசைகள்தானே!

1968 மார்ச் 27-ஆம் தேதி, விமான விபத்தில் ககாரின் இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. இன்று வீரர்கள் விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவர், மண்குடிசையில் பசியோடு வளர்ந்த அந்தச் சிறுவன்தான்.

அடுத்த முறை தட்டைச் சுற்றிப் பருக்கை சிந்தினால், ககாரினை நினைத்துக்கொள்ளுங்கள். விண்வெளியாக இருந்தால், அது உங்கள் மூக்குக்கு முன்னால் மிதந்துகொண்டிருக்கும்!